பட்சிராஜன் வெறும் வில்லன் அல்ல

அன்புள்ள ஆசிரியருக்கு,

வணக்கம். தமிழில் வந்த சூப்பர் ஹீரோப் படங்களைப் பற்றிச் சென்ற இதழின் சினிமாப் பக்கத்தில் வெளியான கட்டுரையைப் படித்தேன். '2.0' படத்தைப் பற்றிச் சொல்லும்போது, இந்த வகைப் படங்களில் கதையைத் தேடுவது வீண், கண்ணுக்கு விருந்து கிடைத்தால் போதும், பிள்ளைகள் பார்க்கிற படம்தானே என்ற பொருளில் கட்டுரையாளர் ஒரு வரி எழுதியிருந்தார். அந்த வரி எனக்கு மிகவும் மனவருத்தம் தந்தது. பிள்ளைகள் பார்க்கிற படத்துக்குக் கதை வேண்டாம் என்று யார் சொன்னது?

நான் விலங்கியல் படிப்பித்து ஓய்வுபெற்றவள். வாழ்நாளில் பெரும்பகுதி பிள்ளைகளோடுதான் போனது. ஏன், எதற்கு, அப்புறம் என்ன நடந்தது என்று விடாமல் கேட்பவர்கள் அவர்கள்தான். பெரியவர்கள் நடிகருக்காகவும் பாட்டுக்காகவும் மன்னித்து விடுவார்கள். பிள்ளைகள் மன்னிப்பதில்லை.

படத்தின் கிராபிக்ஸைக் குறைசொல்ல நான் வரவில்லை. 2018 நவம்பர் 29 அன்று அந்தப் படம் வெளிவந்தபோது குடும்பத்தோடு போய்ப் பார்த்தேன். தெருவெல்லாம் கைத்தொலைபேசிகள் ஊர்ந்து வருவதும், அவையெல்லாம் ஒன்றுசேர்ந்து இறக்கை விரித்து ஒரு ராட்சதப் பறவையாக எழும்புவதும் தமிழ்த் திரையில் அதற்கு முன் நாம் காணாதவை. கிராபிக்ஸைக் கவனித்த ஸ்ரீநிவாஸ் மோகனும் அவரோடு வேலை செய்தவர்களும் எவ்வளவு உழைத்திருப்பார்கள் என்று நினைத்து மலைத்துப் போனேன். அந்தப் படம் முப்பரிமாணக் கமராவிலேயே எடுக்கப்பட்டது. ஆனால் எங்கள் திருகோணமலையில் நாங்கள் அதைப் பார்த்தது கண்ணாடியும் இல்லாமல், சாதாரணத் திரையில். வசனம் பாதி கேட்கவில்லை. கொழும்பில் குளிரூட்டிய அரங்கில் கண்ணாடி போட்டுப் பார்க்கிற கட்டுரையாளருக்குக் கண்ணுக்கு விருந்து போதுமாக இருக்கலாம். அந்த விருந்து எங்கள் ஊர் வரை முழுசாக வந்து சேர்வதில்லை ஐயா. எங்களுக்கு மிஞ்சுவது கதைதான், அதுவும் இல்லாவிட்டால் நாங்கள் எதற்கு ரிக்கற் எடுக்க வேண்டும்?

கதை இல்லை என்று சொல்வதும் சரியல்ல. நல்ல கதை ஒன்று கையில் இருந்தது. படம் தொடங்குவதே ஒரு முதியவர் தொலைபேசிக் கோபுரத்தில் தூக்குப் போட்டுக்கொள்வதில்தான். அவர்தான் பறவையியலாளர் பட்சிராஜன். கைத்தொலைபேசிகள் சேர்ந்து எழும்பும் அந்த ராட்சதப் பறவை அவருடைய ஆவிதான். தாடியும் கண்ணாடியுமாக அவர் வரும்போது எனக்கு இந்தியப் பறவையியலாளர் சலீம் அலியின் புகைப்படங்கள்தான் ஞாபகம் வந்தன. சிறுவயதில் தான் சுட்ட ஒரு குருவியின் பெயர் தெரியாமல் பம்பாய் இயற்கை வரலாற்றுச் சங்கத்தின் வாசலுக்குப் போய், பிறகு வாழ்நாள் முழுக்கப் பறவைகளோடு கழித்த மனிதர் அவர். அப்படி ஒருவரை நினைவூட்டும் பாத்திரத்தை வைத்துக்கொண்டு இயக்குநர் ஷங்கர் என்ன செய்தார்? தொலைபேசிக் கோபுரக் கதிர்வீச்சால் பறவைகள் செத்து விழுவதாகச் சொல்லி பட்சிராஜன் எல்லா வாசலிலும் போய் நிற்கிறார். ஒருவரும் காது கொடுக்கவில்லை. இந்தப் பகுதி பிற்பாதியில் கொஞ்ச நேரம் வருகிறது. அக்‌ஷய் குமார் நன்றாகவே நடித்திருந்தார். எனக்குப் பக்கத்துக் கதிரையில் இருந்த என் பேத்தி அழுதாள். அழுது முடிப்பதற்குள் திரையில் மறுபடியும் சண்டை தொடங்கிவிட்டது.

அந்த மனிதரின் துக்கத்துக்குப் படம் வைத்த பெயர் 'நெகட்டிவ் ஆரா', அதாவது தீய சக்தி. அதை அடக்க ஒரு கருவி. பிறகு விளையாட்டரங்கில் பெரிய யுத்தம். அதிலும் எனக்குப் பொறுக்காத இடம் ஒன்று உண்டு. குட்டி ரோபோக்கள் புறாக்களின் முதுகில் ஏறி வருகின்றன. பறவைக்கு ஒரு கெடுதியும் செய்ய மாட்டார் என்ற அவருடைய நல்ல குணமே அவரை மடக்க உதவுகிறது. தியேட்டரில் அதற்கு விசிலும் கைதட்டலும். என் பேத்தி என் கையைப் பிடித்துக்கொண்டு, "அம்மம்மா, இப்ப ஆர் நல்ல ஆள்?" என்று கேட்டாள். என்னிடம் பதில் இருக்கவில்லை. படத்திடமும் இருக்கவில்லை. கடைசியில் ரோபோவைச் செய்த விஞ்ஞானி வசீகரன் வந்து, அவர் சொன்னதிலும் நியாயம் உண்டு என்று ஒப்புக்குச் சொல்லிவிட்டு முடிக்கிறார்.

இதே இயக்குநர் 2010இல் எடுத்த 'எந்திரன்' படத்தை யோசித்துப் பாருங்கள். தீப்பிடித்த வீட்டிலிருந்து சிட்டி என்ற ரோபோ ஒரு பெண்ணைத் தூக்கி வருகிறது. அவள் குளித்துக்கொண்டிருந்தவள், உடம்பில் துணி இல்லை. உயிரைக் காப்பாற்றிவிட்டோம் என்ற நினைப்பில் சிட்டி நிற்க, அவள் ஊர் முன்னால் கூனிக் குறுகி ஓடி, வாகனத்தில் அடிபட்டுச் சாகிறாள். வெட்கம் என்ற ஒன்று எந்திரத்துக்குத் தெரியாது. கதை அங்கேதான் திரும்புகிறது. கடைசியில் நீதிமன்ற ஆணைப்படி சிட்டி தன்னைத் தானே ஒவ்வொரு பாகமாகக் கழற்றிப் போடுகிறதே, அதுவும் கிராபிக்ஸ்தான். அதைப் பார்த்துக் கண் கலங்காதவர் யார்? அந்தப் படத்தின் சிறப்புக் காட்சிகளுக்குத் தேசிய விருது கிடைத்தது உங்களுக்குத் தெரிந்ததே. கதை கேட்டதைக் கிராபிக்ஸ் செய்து கொடுத்தது. '2.0'வில் கிராபிக்ஸ் கேட்டதற்கெல்லாம் கதை விட்டுக்கொடுத்தது.

நான் சும்மா சொல்லவில்லை. 2022இல் நாளுக்குப் பதின்மூன்று மணி நேரம் வரை மின்சாரம் இல்லாமல் கிடந்தோமே, அப்போது எங்கள் ஒழுங்கைப் பிள்ளைகள் பின்னேரங்களில் என் வீட்டு விறாந்தைக்கு வருவார்கள். புழுக்கம் தாங்காது. ஆளுக்கொரு படக்கதை சொல்லச் சொல்வேன். 'எந்திரன்' கதையை ஒரு பிள்ளை தொடங்கினால் மற்றப் பிள்ளை முடிக்கும். '2.0' கதையைச் சொல்ல வந்த பையன், போன் எல்லாம் பறந்துபோகும், பிறகு பெரிய குருவி வரும், பிறகு சண்டை என்று சொல்லிவிட்டு நிறுத்திவிட்டான். அதற்குள் இன்னொரு பிள்ளை 'மின்னல் முரளி' சொல்கிறேன் என்று எழும்பினாள். 2021 கடைசியில் வந்த மலையாளப் படம், தமிழிலும் பேச விட்டிருந்தார்கள். ஒரே மின்னல் இரண்டு பேரைத் தாக்குகிறது. ஒருவன் நாயகன், மற்றவன் ஊரே ஒதுக்கிவைத்த ஒரு பாவப்பட்ட மனிதன். நம் தமிழ் நடிகர் குரு சோமசுந்தரம் அந்தப் பாத்திரத்துக்கு உயிர் கொடுத்திருப்பார். '2.0'வுக்கு ஆன செலவுக்குப் பக்கத்திலும் அந்தப் படம் வராது. விறாந்தையில் இருந்த அத்தனை பிள்ளைகளும் அந்தப் பாவப்பட்டவனுக்காக இரங்கினார்கள். இதையும் உங்கள் கட்டுரையாளர் ஒரே வரியில் கடந்து போயிருக்கிறார்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். கோபுரக் கதிர்வீச்சால்தான் குருவிகள் அழிகின்றன என்பதை நிரூபிக்கப்பட்ட உண்மை போலக் கட்டுரையில் எழுதியிருக்கிறார். படம் சொன்னால் அது அறிவியல் ஆகிவிடுமா? படம் வருமுன்பே இந்தியாவின் செல்பேசி நிறுவனங்களின் சங்கம் தணிக்கை வாரியத்திடம் முறையிட்டதை நீங்களும் அறிவீர்கள். அவர்கள் தங்கள் வியாபாரத்துக்காகப் பேசினார்கள், அதை விடுவோம். ஆனால் கோபுரம்தான் காரணம் என்று சொல்ல உறுதியான சான்று இல்லை. கூடு கட்ட இடமில்லாமல் போனதும், குஞ்சுக்கு ஊட்டப் புழு பூச்சி இல்லாமல் போனதும்தான் பெரிய காரணங்கள். என் தாய்வீட்டு இறவாணத்தில் குருவிக்கென்று முட்டி கட்டித் தொங்கவிட்டிருந்தோம். ஓட்டு இடுக்குகளிலும் வைக்கோல் துருத்திக்கொண்டிருக்கும். அந்தக் கூரையைப் பிரித்துக் கொங்கிறீட் போட்டதும் குருவி போய்விட்டது. எங்கள் பக்கத்தில் கோபுரம் எழும்பியது அதற்குப் பல வருடங்களுக்குப் பிறகு.

இதையெல்லாம் நான் முன்பும் உங்களுக்கு எழுதியிருக்கிறேன். ஒரு கடிதம் வெளிவரவில்லை. இன்னொன்று, பறவைகளைப் பற்றிய பகுதி முழுக்க வெட்டப்பட்டு, தியேட்டர் ஒலி சரியில்லை என்ற வரி மட்டும் வந்தது. திருகோணமலை என்றால் உங்களுக்குக் கடற்கரைப் படமும் கோணேசர் கோயில் தேரும்தான். நிலாவெளிக்கு எதிரே இருக்கும் புறாத்தீவு 1963இல் சரணாலயமாகவும் 2003இல் தேசியப் பூங்காவாகவும் அறிவிக்கப்பட்டது. மாடப்புறாக்கள் இருப்பதால்தான் அந்தப் பெயர். பிள்ளைகளைப் படகில் கூட்டிப்போய்ப் பாறை இடுக்குகளில் புறா அடைகாப்பதைத் தூரத்தில் நின்று காட்டியிருக்கிறேன். பேசாதே என்று சொல்லத் தேவையே இருந்ததில்லை, அவ்வளவு அமைதியாக நிற்பார்கள். இன்று போனால் முருகைக்கல்லை மிதித்துக்கொண்டு நிற்கும் கூட்டத்தைத்தான் காட்ட வேண்டியிருக்கிறது. நகரத்துக்குள் திரியும் புள்ளிமான்கள் பொலித்தீன் பைகளைத் தின்பதைக் காலையில் சந்தைக்குப் போகிற எவரும் பார்க்கலாம். பட்சிராஜன் போலப் பேசுகிறவர்கள் எங்கள் ஊரிலும் இருக்கிறார்கள். அவர்களைத் தேடி உங்கள் நிருபர் ஒருவரும் வந்ததில்லை.

அசாத்திய பலம் உள்ளவர்களின் கதை எங்களுக்குப் புதிதும் அல்ல. கோணமலையில் இராவணன் வெட்டைப் பார்க்காமல் வளர்ந்த பிள்ளை இங்கே இல்லை. மலையையே வாளால் பிளந்தவன் என்று கேட்கும்போது பிள்ளைகள் வாயைப் பிளப்பார்கள், அது ஒரு நிமிடம். தாய் இறந்ததும் அவளுக்குக் கிரியை செய்யத்தான் கன்னியாவில் ஏழு வெந்நீர்க் கிணறுகளை உண்டாக்கினான் என்று சொன்னால், அன்றிரவு வீட்டில் அம்மாவிடமும் அதையே கேட்பார்கள். இன்றும் அந்தக் கிணற்றடிக்குப் பெற்றாருக்குக் கிரியை செய்ய வருகிறவர்கள் உண்டு. மலையை வெட்டியவனுக்காக அவர்கள் வரவில்லை, தாயை இழந்தவனுக்காக வருகிறார்கள்.

உங்கள் பத்திரிகையை நான் சிறுவயதில் இருந்து வாசிக்கிறேன். ஆகவே கட்டுரையாளரை எதுவும் செய்யச் சொல்லி நான் கேட்கப்போவதில்லை. இரண்டே இரண்டு விடயங்கள்தான். அந்தக் கட்டுரையில் பட்சிராஜனின் பெயரே இல்லை, 'பறவை வில்லன்' என்று மட்டும் இருக்கிறது. அடுத்த இதழில் ஒரு திருத்தம் போட்டு அவருடைய பெயரை எழுதுங்கள், குருவிகளைப் பற்றிய வரியையும் அதிலேயே திருத்துங்கள். அப்புறம், பட விமர்சனத்தின் கீழே நடிப்பு, இசை, கிராபிக்ஸ் என்று புள்ளி போடும் கட்டத்தில் கதைக்கும் ஒரு வரி சேருங்கள். இடம் போதாவிட்டால் இந்தக் கடிதத்தில் எதை வேண்டுமானாலும் வெட்டுங்கள், என் பேத்தி கேட்ட கேள்வியை மட்டும் தயவுசெய்து வெட்ட வேண்டாம்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவர்,
உவர்மலை, திருகோணமலை.