எல்லாக் கருவியும் திருப்பிச் சொல்ல வேண்டாம்: கரையோரச் சங்கங்களுக்கு ஒரு திறந்த மடல்

திருகோணமலை மாவட்டக் கடற்றொழிலாளர் சங்கப் பொறுப்பாளர்களுக்கும், கரையோர ஊர்களின் இளைஞர் கழகத் தம்பி தங்கச்சிமாருக்கும்: வணக்கம், அஸ்ஸலாமு அலைக்கும்.

போன் கோபுரங்கள் விழுந்தாலும் ஊருக்கு ஊர் செய்தி கடத்த லோரா கருவிகள் (குறைந்த சக்தியில் சிறு எழுத்துச் செய்தியைத் தூரம் அனுப்பும் சின்ன வானொலிகள்) வாங்கலாம் என்று நம் கரையில் பேச்சு அடிபடுகிறது. நல்ல காரியம். 2004 டிசம்பர் 26ஐ யாரும் மறக்கவில்லை. 2020 டிசம்பர் 2 இரவு புரெவிப் புயல் திரியாய்க்கும் குச்சவெளிக்கும் இடையில் கரையேறியதும் நினைவிருக்கும். சிம் அட்டை வேண்டாம், மாதக் கட்டணம் இல்லை, ஒன்று சொன்னதை மற்றொன்று வாங்கி அடுத்ததுக்குச் சொல்லும். வாங்குங்கள்.

ஆனால் பேச்சு போகிற போக்கில் ஒன்று இடிக்கிறது. "படகுக்கு ஒன்று, வாடிக்கு ஒன்று, எல்லாவற்றையும் ரூட்டராகப் போட்டுவிடுவோம், கூடக் கூட நல்லதுதானே?" என்கிறார்கள். ரூட்டர் என்பது, கேட்ட செய்தியைக் கட்டாயம் திருப்பிச் சொல்லும்படி கருவியை வைக்கும் நிலை. கேட்கும் கருவி எத்தனை இருந்தாலும் நல்லது. திருப்பிச் சொல்லும் கருவி அளவுக்கு மிஞ்சினால் செய்தியே செத்துப்போகும். இந்த மடல் அதைச் சொல்லத்தான்.

கிண்ணியாக் கரையில் இருபது படகு இழுத்து விட்டிருக்கிறது என்று வையுங்கள். நகரத்திலிருந்து ஓர் எச்சரிக்கை வருகிறது. இருபதும் அதை ஒரே நொடியில் கேட்கின்றன, கேட்டவுடன் திருப்பி அனுப்புகின்றன. எல்லாம் ஒரே அலைவரிசை. மோதி, குழம்பி, மூதூரில் இருப்பவருக்குக் கிடைப்பது இரைச்சல்தான். வீ.எச்.எப். வானொலியில் இரண்டு பேர் ஒரே நேரத்தில் பொத்தானை அமத்தினால் என்ன கேட்கும் என்று கடலுக்குப் போகிறவர்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. யாரும் பேசாத நேரம் பார்த்துப் பேசினாலும் முழுதாகத் தப்ப முடியாது. உப்புவெளிக் கருவியும் மூதூர்க் கருவியும் ஒன்றையொன்று கேட்பது கடினம், நடுவில் சுவாமி மலை நிற்கிறது. இரண்டும் "வழி சும்மா கிடக்கிறது" என்று நினைத்து ஒரே நேரத்தில் வாய் திறக்கும். நடுவில் நகரத்துக் கூரையில் இருக்கும் கருவிக்கு இரண்டுமே விளங்காது.

இதைத் தாய்வான் ஆய்வாளர்கள் சிலர் 1999இல் கணக்குப் போட்டே காட்டி, ஒலிபரப்புப் புயல் என்று பெயரும் வைத்தார்கள். ஒரு கருவி ஒரு செய்தியைக் கேட்டுத் திருப்பிச் சொன்னால், ஏற்கெனவே செய்தி போய்ச் சேர்ந்த பரப்புக்கு வெளியே அது புதிதாக எட்டுவது, தன் வீச்சுப் பரப்பில் மிஞ்சிப்போனால் 61 வீதம். சராசரி 41 வீதம். அதே செய்தியை நாலு தரம் கேட்டுவிட்ட கருவி ஐந்தாவதாக வாய் திறந்தால் கிடைக்கும் புதுப் பரப்பு 5 வீதத்துக்கும் கீழே. மிச்சமெல்லாம் பற்றரிக்கும் மற்றவர்கள் காதுக்கும் நட்டம்.

மருந்து பொறுமைதான். கேட்டவுடன் சொல்லாமல் கொஞ்சம் காத்திருப்பது, காத்திருக்கும்போது வேறொருவர் சொல்லிவிட்டால் வாயை மூடிக்கொள்வது. நீங்கள் வாங்க நினைக்கும் கருவிகளில் பெரும்பாலும் ஓடும் மெஷ்டாஸ்டிக் மென்பொருள் இதைத் தானாகவே செய்கிறது. அதுவும் கெட்டித்தனமாக: சிக்னல் பலவீனமாகக் கேட்ட கருவி தொலைவில் இருக்கும் என்று கருதி அதை முதலில் பேச விடும், பக்கத்தில் இருப்பது பிறகுதான் பேசும். தூரத்துக் கருவி சொன்னால்தானே செய்தி முன்னே நகரும்? ஆனால் ரூட்டர் என்று போட்ட கருவிக்கு இந்த மரியாதை கிடையாது. வேறு யார் சொன்னாலும் அது தானும் சொல்லும், மற்றவர்களுக்கு முந்தியும் சொல்லும். வாடியில் நிலமட்டத்தில் கிடக்கும் கருவியை ரூட்டர் ஆக்கினால், மலையில் நிற்கும் நல்ல கருவியின் வாயை அது அடைத்துவிடும். "ரூட்டர்" என்ற பெயரில் ஒரு கவர்ச்சி இருக்கிறது போலும், எல்லாரும் அதைத்தான் அழுத்துகிறார்கள்.

சரி, யார் பேசுவது? 2003இல் வந்த ஓ.எல்.எஸ்.ஆர். என்ற வழிகாட்டு முறையில் ஒரு நல்ல யோசனை இருக்கிறது. ஒவ்வொரு கருவியும் தன் அயலவர்களில் சிலரை மட்டும் அஞ்சலோட்டக்காரராகத் தெரிவு செய்யும். அந்தச் சிலர் சொன்னால் அயலவரின் அயலவர் எல்லாருக்கும் எட்ட வேண்டும், அவ்வளவுதான் நிபந்தனை. மற்றவர்கள் கேட்பார்கள், கடத்த மாட்டார்கள். நம் கரை நகராது, ஆகவே இந்தத் தெரிவைக் கருவிக்கு விடாமல் நாமே வரைபடத்தை விரித்துச் செய்யலாம். பத்து மீற்றர் உயரத்தில் நிற்கும் இரண்டு அன்ரெனாக்களுக்கு நடுவில் கடல் மட்டும் இருந்தால், பூமியின் வளைவு மறைக்குமுன் ஏறக்குறைய 25 கிலோமீற்றர் கிடைக்கும். படகில் ஆள் உயரத்தில் பிடித்த இரண்டு கருவிகளுக்கு அதில் பாதிதான். கடத்தும் வேலை கரையில் உயரத்தில் நிற்பவற்றுக்கே என்று நான் சொல்வதன் காரணம் இதுதான். புல்மோட்டை, திரியாய் மலைப்பக்கம், குச்சவெளி, நிலாவெளி, நகரம், கிண்ணியா, மூதூர், சம்பூர், ஈச்சிலம்பற்று, வெருகல். இந்த ஊர்களில் உயரமான கூரையோ தண்ணீர்த் தாங்கியோ பார்த்து வையுங்கள். படகுக் கருவிகள் எல்லாம் 'மியூட்' நிலையில், அதாவது தன் செய்தியை அனுப்பும், பிறர் செய்தியைக் கடத்தாது.

இதிலும் கஞ்சத்தனம் வேண்டாம். ஆகக் குறைந்த எண்ணிக்கையில் முழுக் கரையையும் மூடும் கணக்கு கணினிக்கே பெரும் தலையிடி, அதைத் தீர்த்தாலும் நமக்கு உதவாது. ஒன்று விழுந்தால் அதற்கு அப்பால் எல்லாம் இருட்டு. எந்தக் கரையிலிருந்து பார்த்தாலும் இரண்டு கடத்திகள், அதாவது செய்தி கடத்தும் கருவிகள், கேட்க வேண்டும், இரண்டும் ஒரே கூரையில் இருக்கக் கூடாது. வாடைக்காலத்தில் நாட்கணக்கில் வெயில் முகம் காட்டாது, சூரியத் தகட்டை நம்பிச் சின்னப் பற்றரி வாங்கி ஏமாற வேண்டாம்.

தாவல் எண்ணிக்கை, அதாவது ஒரு செய்தி எத்தனை தரம் கைமாறலாம் என்ற வரம்பு, கடையிலிருந்து 3 என்றுதான் வரும், 7 வரை கூட்டலாம். 7இல் வைத்தால் செய்தி தூரம் போகும் என்று நினைப்பது இயல்பு, ஆனால் கிண்ணியாவில் ஒருவர் "சாப்பிட்டாச்சா" என்று கேட்டது புல்மோட்டை வரை காற்றை அடைத்துக்கொண்டு போகும். கடத்திகளை ஒழுங்காக வைத்தால் மாவட்டத்துக்கு 5 தாராளம்.

இப்போது நம் தமிழுக்கே உரிய சிக்கல். பொதுவாகப் பாவிக்கும் வேகத்தில் இந்தக் கருவி செக்கனுக்குக் கிட்டத்தட்ட 1,000 பிட்தான் தள்ளும், ஒரு செய்திக்கு இடம் 200 பைட்டுக்குச் சற்று மேல் (எட்டு பிட் ஒரு பைட்). ஆங்கில எழுத்து ஒன்றுக்கு ஒரு பைட். தமிழில் ஒவ்வொரு குறியீட்டுக்கும் மூன்று, கொம்புக்கும் புள்ளிக்கும் தனித்தனியே மூன்று. "வெள்ளம்" என்று தட்டினால் 21 பைட் போயிற்று. கொஞ்சம் நீளமாக ஒரு வசனம் எழுதினால் இடமும் முடிந்தது, காற்றும் இரண்டு செக்கன் நிரம்பியது, அதை ஒவ்வொரு கடத்தியும் திரும்பவும் நிரப்பும். ஊருக்கு ஓர் எண், நிகழ்வுக்கு ஓர் எண் என்று ஒரே தாளில் அச்சடித்து எல்லா வாடியிலும் ஒட்டினால், "4-2" என்று மூன்றே பைட்டில் வேலை முடியும். கேட்பவர் தாளைப் பார்த்துத் தமிழிலோ சிங்களத்திலோ வாசிக்கட்டும்.

ஒருவருக்கு மட்டும் செய்தி அனுப்ப வழி கண்டுபிடிக்கும் முறைகள் இருக்கின்றன. ஏ.ஓ.டி.வி. போன்றவை "அவர் எங்கே?" என்று முதலில் ஊரெல்லாம் கேட்டு, பதில் வந்த பாதையை நினைவில் வைக்கும். அந்தக் கேள்வியே ஒரு வெள்ளம்தான், படகு நகர்ந்தால் பாதையும் பழசாகிவிடும். புயல் எச்சரிக்கை எல்லாருக்கும் போக வேண்டியது, அதற்குப் பாதை தேடவே தேவையில்லை. தனி அரட்டையைப் புயல் நாட்களில் நிறுத்திவைக்கச் சங்கங்கள் இப்போதே ஒரு தீர்மானம் எடுக்கலாம்.

ஆகவே கேட்பது இவ்வளவே. கருவி வாங்க முன்பு தொலைத்தொடர்புகள் ஒழுங்குபடுத்தல் ஆணைக்குழுவிடம் அலைவரிசைக்கும் சக்திக்கும் எழுத்தில் அனுமதி கேளுங்கள், சங்கங்கள் ஒன்றாகக் கையெழுத்திட்டால் மறுமொழி கெதியாய் வரும். எண் தாளை மாவட்ட அனர்த்த முகாமைத்துவப் பிரிவோடு உட்கார்ந்து எழுதுங்கள். ஐப்பசியில் மழை பிடிக்குமுன் ஒரு ஒத்திகை வையுங்கள், அன்று சொல்லாமல் கொள்ளாமல் நகரத்துக் கடத்தியை நிறுத்திவிட்டு, குச்சவெளியிலிருந்து வெருகலுக்கு "4-2" போகிறதா என்று பாருங்கள். போகாவிட்டால் அடுத்த கடத்தியை எங்கே வைப்பது என்று அன்றைக்கே தெரிந்துவிடும்.

இப்படிக்கு,
உப்புவெளியிலிருந்து ஒரு வானொலி திருத்துநர்