காந்தம் சும்மா இருந்தால் முள் அசையாது

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு,

வணக்கம். போன வாரம் மாணவர் பக்கத்தில் மின்காந்தத் தூண்டல், அதாவது காந்தத்தைக் கொண்டு கம்பிச்சுருளில் கரண்ட் உண்டாக்குவது பற்றிய பாடக்குறிப்பு வந்திருந்தது. எழுத்தில் தப்பில்லை, படத்தில்தான் கோளாறு. கம்பிச்சுருளுக்குள் ஒரு சட்டக் காந்தம் இருக்கிறது. அது நகர்கிறது என்று காட்ட ஓர் அம்புக்குறிகூட இல்லை. ஆனால் பக்கத்தில் கால்வனோமீட்டர் (துளி கரண்டையும் காட்டும் மீட்டர்) முள் சாய்ந்து கிடக்கிறது. இதைப் பார்க்கும் பிள்ளை, காந்தம் உள்ளே இருந்தாலே கரண்ட் வரும் என்றுதான் நினைத்துக்கொள்ளும்.

நானும் அப்படி நினைத்தவன்தான். 26 வருடமாக மோட்டார் காயில் (கம்பிச்சுருள்) கட்டுகிறேன். எரிந்த காயிலை அறுத்தெடுத்து, சுற்று எண்ணி, கம்பியின் கேஜ் (தடிமன்) பார்த்து, அதே மாதிரி சுற்றி வார்னிஷ் ஊற்றினால் மோட்டார் ஓடும். ஏன் ஓடுகிறது என்று யாரும் என்னைக் கேட்டதில்லை.

மகளுக்கு இந்தப் பாடம் வந்தபோது முந்நூறு சுற்றில் ஒரு காயில் சுற்றிக் கொடுத்தேன். நடுவில் பூஜ்யம் உள்ள பழைய முள் மீட்டர் ஒன்று என்னிடம் இருந்தது. துளி கரண்டுக்கும் அசையும். அவள் காந்தத்தை உள்ளே வைத்துவிட்டு, வயரை மீட்டரில் மாட்டிவிட்டு, “எங்கேப்பா கரண்ட்?” என்றாள். முள் பூஜ்யத்தை விட்டு நகரவில்லை. மீட்டர்தான் போச்சு என்று நினைத்து வயரை ஆட்டிப் பார்த்தேன், முனையைச் சுரண்டிப் பார்த்தேன். அவள் எரிச்சலில் காந்தத்தை வெடுக்கென்று உருவினாள். முள் துள்ளிற்று! திரும்பத் திணித்தால் எதிர்ப்பக்கம் துள்ளியது. மெதுவாக இழுத்தால் லேசான அசைவு, வேகமாக இழுத்தால் எகிறல்.

இதில் பெரியவர்களும் ஏமாந்திருக்கிறார்கள். மின்னோட்டம் பாயும் கம்பி, திசைகாட்டி முள்ளைத் திருப்புவதை 1820இல் டென்மார்க் விஞ்ஞானி ஓர்ஸ்டெட் கண்டுபிடித்தார். அப்படியானால் காந்தத்திலிருந்து கரண்ட் வருமா என்று ஜெனீவாவில் கொலடான் என்ற விஞ்ஞானி 1825இல் தேடினார். காந்தம் மீட்டரின் முள்ளையே இழுத்துவிடக் கூடாதே என்று மீட்டரை அடுத்த அறையில் வைத்தார். காந்தத்தைச் சுருளுக்குள் விட்டுவிட்டு அங்கே போய்ப் பார்ப்பதற்குள் முள் பழைய இடத்துக்கே வந்துவிட்டது. பாவம், கவனமாக இருந்ததே அவருக்கு வினையாகிவிட்டது. 1831 ஆகஸ்டில் ஆங்கிலேய விஞ்ஞானி ஃபாரடே ஓர் இரும்பு வளையத்தில் இரண்டு சுருள்களைச் சுற்றினார். ஒன்றில் பேட்டரியை இணைக்கும்போதும் துண்டிக்கும்போதும் மட்டும் மற்றதில் முள் துடித்தது. நடுவில் கரண்ட் சீராக ஓடிய நேரமெல்லாம் முள் பேசாமல் இருந்தது.

காந்தப்புலம் மாறினால்தான் சுருளில் கரண்ட் பிறக்கும் என்பது விளங்கிய பிறகுதான் என் தொழிலே எனக்குப் புரிந்தது. கார்பன் பிரஷ் மோட்டாரின் தண்டு சிக்கி நின்றுவிட்டால் காயில் ஏன் கருகுகிறது? ஓடும்போது காயில் காந்தப்புலத்தில் சுழல்வதால் அதிலேயே எதிர் மின்னியக்கு விசை, அதாவது வெளியிலிருந்து வரும் கரண்டை எதிர்க்கும் மின்னழுத்தம் உண்டாகிறது. அதுதான் கரண்டை மட்டுப்படுத்தி வைக்கிறது. சுழற்சி நின்றால் அந்தத் தடுப்பும் போச்சு. கரண்ட் பல மடங்கு ஏறும், அப்புறம் வார்னிஷ் வாசனைதான். அந்த வாசனையை எத்தனையோ தடவை முகர்ந்திருக்கிறேன். காரணத்தைச் சொன்னது மகளின் பாடப்புத்தகம்.

ஆகவே படத்தைத் திருத்தி மறுபடி போடுங்கள். காந்தம் உள்ளே போகும்போது முள் ஒரு பக்கம், உள்ளே நிற்கும்போது பூஜ்யம், வெளியே வரும்போது மறுபக்கம் என்று மூன்று கட்டமாக, அம்புக்குறியோடு இருக்கட்டும். காந்தமும் சுருளும் சேர்ந்தே ஒரே வேகத்தில் நகர்ந்தால் என்ன ஆகும் என்று மகள் கேட்டாள். இரண்டையும் ஒரு பலகையில் ஒட்டித் தள்ளிப் பார்த்தோம், முள் அசையவில்லை. இடம் இருந்தால் அதையும் நான்காவது கட்டமாகச் சேர்க்கலாம்.

இப்படிக்கு,
மோட்டார் காயில் கட்டும் ஒரு வாசகன்