கர்ப்பிணித் தாயின் மருந்துப் பையும் வீட்டிலுள்ள சிறு குழந்தையும்

மதிப்பிற்குரிய வாடிக்கையாளர்களுக்கு வணக்கம்.

பனிக்குட நீர் குறைவாக இருக்கிறது என்றோ, வயிற்றிலுள்ள குழந்தையின் எடை போதவில்லை என்றோ ஸ்கேனில் தெரியவரும்போது, மகப்பேறு மருத்துவர்கள் பலர் எல்-ஆர்ஜினின் என்னும் அமினோ அமிலப் பொடியை எழுதித் தருகிறார்கள். பெரும்பாலும் பழச்சாறு மணத்தோடு வரும் இந்தப் பொட்டலங்கள் போகும் வீடுகளில் இரண்டு, மூன்று வயது மூத்த குழந்தையும் இருப்பது வழக்கம். அம்மா குடிப்பதைப் பார்த்து அதுவும் கேட்கும். சத்துப் பொடிதானே என்று கொடுத்துவிடுகிறவர்களும் உண்டு.

பொட்டலம் ஒன்றில் பொதுவாக 3 கிராம் ஆர்ஜினின் இருக்கிறது. அது வளர்ந்த பெண்ணுக்கான அளவு. ஒரு வாய் குடித்துவிட்டதற்காகப் பதற வேண்டியதில்லை என்றாலும், பல பொட்டலங்கள் உள்ளே போனால் வாந்தியும் வயிற்றுப்போக்கும் ஏற்பட்டு, சிறு உடல் விரைவில் நீரை இழந்துவிடும். சிரை வழியே ஏற்றப்படும் ஆர்ஜினின் ஹைட்ரோகுளோரைடு அளவு மிஞ்சியபோது, குழந்தைகளின் இரத்தத்தில் அமிலத்தன்மை கூடி, மூளை வீங்கி, உயிரிழப்பும் நேர்ந்திருப்பதாக அமெரிக்காவில் அம்மருந்தின் விவரக் குறிப்பே எச்சரிக்கிறது. ஊசி மருந்தும் வாய்வழிப் பொடியும் ஒன்றல்ல. ஆயினும் அமினோ அமிலம் என்பதாலேயே ஒரு மருந்து தீங்கற்றதாகிவிடாது.

இதைவிட எங்களை அதிகம் கவலைப்படுத்துவது, அதே பையில் கிடக்கும் இரும்புச்சத்து மாத்திரை. அரசு தரும் சிவப்பு மாத்திரை ஒன்றில் 60 மில்லிகிராம் இரும்பு இருக்கிறது. கடையில் விற்பவற்றுள் 100 மில்லிகிராம் உள்ளவையும் உண்டு. உடல் எடையில் கிலோவுக்கு 20 மில்லிகிராமைத் தாண்டினால் நச்சுக் குறிகள் தோன்றலாம், 60 மில்லிகிராமைத் தாண்டினால் உயிருக்கே ஆபத்து என்பது மருத்துவக் கணக்கு. அப்படியானால், 10 கிலோ எடையுள்ள குழந்தைக்கு நான்கு சிவப்பு மாத்திரைகளே தீங்கு செய்யப் போதும்; ஓர் அட்டை முழுவதும் போனால் நிலைமை மிகக் கடுமையாகிவிடும்.

முதல் சில மணி நேரத்தில் வாந்தி, வயிற்றுவலி, சில வேளை இரத்தம் கலந்த வயிற்றுப்போக்கு ஆகியவை வரும். பிறகு குழந்தை தெளிந்துவிட்டதுபோல் தோன்றும் இடைவெளி ஒன்று உண்டு. பெற்றோர் ஏமாந்துபோவது இங்கேதான். அந்த நேரத்தில் இரும்பு உள்ளுறுப்புகளுக்குள் இறங்கிக்கொண்டிருக்கலாம். ஒரு நாளைக்குள்ளேயே இரத்த அழுத்தம் சரியவும், அதன்பின் கல்லீரல் பழுதடையவும் கூடும். நச்சுமுறிவுக்கு வழக்கமாகக் கொடுக்கும் கரித்தூள் இரும்பைப் பிடித்துவைப்பதில்லை. இரத்தத்தில் இரும்பின் அளவைப் பார்த்து, தேவைப்பட்டால் டெஸ்ஃபெரியாக்சமைன் என்னும் முறிவு மருந்தை ஏற்றும் வசதி மருத்துவமனையில்தான் உண்டு.

ஆகவே, குழந்தை மாத்திரை விழுங்கியதாகச் சந்தேகம் எழுந்தாலே, அறிகுறிக்காகக் காத்திராமல் 108 ஆம்புலன்ஸை அழையுங்கள். மீதமுள்ள அட்டையையும் பொட்டலங்களையும் கையோடு கொண்டுசெல்லுங்கள். தொண்டையில் விரல் விட்டோ உப்புத் தண்ணீர் புகட்டியோ வாந்தி எடுக்கவைக்க வேண்டாம். உப்பு நீரே குழந்தைக்கு இன்னொரு கேடாக முடியும்.

கைப்பையும் தலையணை அடியும் மருந்து வைக்கும் இடங்கள் அல்ல. இரும்பு மாத்திரைகளை அட்டையிலிருந்து பிரித்து டப்பாவில் கொட்டி வைக்காமல், குழந்தையின் கைக்கு எட்டாத, பூட்டக்கூடிய அலமாரியில் வையுங்கள். மிட்டாய் என்று சொல்லி எந்த மருந்தையும் ஊட்ட வேண்டாம். வீட்டில் ஐந்து வயதுக்கு உட்பட்ட குழந்தை இருப்பதாகச் சொன்னால், இரும்பு மாத்திரைகளை ஒரு வாரத்திற்கு வேண்டிய அளவு மட்டும், மருந்தின் பெயரும் காலாவதித் தேதியும் எழுதிய உறையிலிட்டுத் தருகிறோம். மாதம் முழுவதற்கும் சேர்த்து வாங்கியாக வேண்டும் என்ற கட்டாயம் எங்களிடம் இல்லை.

இப்படிக்கு,
உங்கள் மருந்துக் கடையின் மருந்தாளுநர்