பிஸ்டன் வாங்கும் முன் காரணத்தைத் தேடுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

யமஹா ஆர்எக்ஸ் 100 தயாரிப்பு 1996-இல் நின்றுவிட்டது. ஆனாலும் மண் தடத்தில் ஓட்டுவதற்கென்று இளைஞர்கள் இன்றும் தேடிப்பிடித்து வாங்குவது இந்த வண்டியைத்தான். ஓட்டத்தில் எஞ்சின் பிடித்துக்கொண்டால், அதாவது பிஸ்டன் சிலிண்டருக்குள் இறுகி நின்றால், நடப்பதும் ஊருக்கு ஊர் ஒன்றுதான். ஹெட்டைக் கழற்றி, கீறல் விழுந்த பிஸ்டனைப் பார்த்ததும் "போர் போட்டுப் புதுசு மாட்டிடலாம்", அதாவது சிலிண்டரின் உட்சுவரைக் கடைந்து பெரிதாக்கிப் பெரிய பிஸ்டன் போடலாம் என்று முடிவாகிவிடுகிறது. சில நாளில் புதுப் பிஸ்டனும் அதே பக்கம் பிடிக்கிறது. இதில் தேய்ந்துபோவது திரும்பக் கிடைக்காத ஒரிஜினல் சிலிண்டர். அதன் போர் (உள்விட்டம்) 50 மி.மீ. கடைகளில் வழக்கமாகக் கிடைக்கும் ஓவர்சைஸ் பிஸ்டன்கள் 0.25, 0.50, 0.75, 1.00 மி.மீ. கூடுதல் அளவில் இருக்கும். நான்கு தடவையோடு சரி, பிறகு சிலிண்டருக்குள் புதுக் குழாய் இறக்கும் ஸ்லீவ்தான்.

ஆகவே ஹெட் நட்டில் ஸ்பேனர் வைக்கும் முன்பே ஒரு சோதனை செய்ய வேண்டும். கழற்றிய பிறகு இதற்கு வழியில்லை. எக்ஸாஸ்ட் வாயை ரப்பர் ஷீட் வைத்து மூடுங்கள். ஆயில் பம்ப் குழாய் இருந்தால் அதையும் அடையுங்கள். கார்புரேட்டர் இருந்த இடத்தில் குழாய் வைத்த அடைப்பைப் பொருத்தி, கைப்பம்பால் 6 பிஎஸ்ஐ காற்று ஏற்றுங்கள். அதற்கு மேல் ஏற்றினால் ஆயில் சீல் வெளியே தள்ளிக்கொள்ளும். நிமிடத்துக்கு 1 பிஎஸ்ஐக்கு மேல் இறங்கினால் எங்கோ காற்று கசிகிறது. மேனிஃபோல்டு ரப்பர், சிலிண்டர் பேஸ் கேஸ்கட், மேக்னட்டுக்குப் பின்னால் உள்ள சீல் மூன்றிலும் சோப்புத் தண்ணீர் தடவினால் குமிழ் காட்டிக்கொடுத்துவிடும். இடது பக்க மேக்னட் சீல் காய்ந்து போயிருந்தால், எஞ்சின் அதன் வழியே காற்றை இழுத்துப் பெட்ரோல் கலவையை லீன் ஆக்கும், அதாவது காற்று கூடிப் பெட்ரோல் குறைந்துவிடும். எக்ஸாஸ்ட் பக்கம் பிடிப்பதற்கு நாங்கள் அதிகம் காணும் காரணம் இதுதான். நூறு, இருநூறு ரூபாய் சீலை விட்டுவிட்டு ஆயிரக்கணக்கில் பிஸ்டன் கிட் வாங்குவது வேதனையான விஷயம். வலது பக்க கிளட்ச் சீல் போனால் வேறு கதை: கியர் ஆயில் குறைந்துகொண்டே போகும், வெள்ளைப் புகை அடங்காது.

கழற்றிய பிஸ்டனைத் துடைக்காமல் வெளிச்சத்தில் திருப்பிப் பாருங்கள். எக்ஸாஸ்ட் பக்கம் மட்டும் கீறல் என்றால் லீன் கலவை அல்லது ஆயில் குறைவு. சுற்றிலும் நான்கு இடத்தில் கோடு என்றால் குளிர்ந்த எஞ்சினை முறுக்கியிருக்கிறார்கள். சிலிண்டர் விரிவதற்குள் பிஸ்டன் விரிந்துவிட்டது. கலவை உள்ளே வரும் இன்டேக் பக்கத்தில் பிஸ்டனின் கீழ்ச்சுவர் (ஸ்கர்ட்) பளபளப்பு போய் மங்கலாகத் தேய்ந்திருந்தால் ஏர் ஃபில்டர் வழியே மண் போயிருக்கிறது. மண் தடத்து வண்டியில் இதை முதலில் சந்தேகிக்கலாம். மேல்முக விளிம்பு மணல் வீசியதுபோல் பொரிந்திருந்தால் டெட்டோனேஷன், அதாவது கலவை கட்டுப்பாடில்லாமல் வெடித்திருக்கிறது.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். இப்போது பங்குகளில் வரும் பெட்ரோலில் 20 சதவீதம் எத்தனால். அதில் ஆக்சிஜன் இருப்பதால் கார்புரேட்டரில் பெட்ரோலை அளந்துவிடும் பழைய ஜெட்டிலேயே கலவை லீன் ஆகும். முழு ஆக்சிலேட்டரில் நீண்ட நேரம் ஓடும் வண்டிக்கு மெயின் ஜெட்டை ஓர் அளவு கூட்டி, பிளக் நிறம் பார்த்து உறுதி செய்வது அவசியம். ஆயில் பம்பைக் கழற்றிவிட்டவர்கள் லிட்டர் பெட்ரோலுக்கு 30 முதல் 40 மில்லி டூ ஸ்ட்ரோக் ஆயில் அளந்து கலக்க வேண்டும். கண் மதிப்பு கூடாது.

இனி சிலிண்டர். அதில் தெரியும் கோடுகள் பல நேரம் கீறலே அல்ல, ஒட்டிய அலுமினியம். திறந்த வெளியில், கையுறையோடு, பாத்ரூம் ஆசிட்டைப் பஞ்சில் தொட்டு அந்தக் கோட்டில் மட்டும் வைத்தால் நுரைக்கும். நுரை நின்றால் அலுமினியம் கரைந்துவிட்டது. உடனே சோடா உப்புத் தண்ணீரால் கழுவி ஆயில் தடவாவிட்டால் துரு பிடித்துவிடும். பிறகு நகத்தைக் குறுக்கே இழுங்கள். நகம் தட்டவில்லை, போர் கேஜில் மேல், நடு, கீழ் என்று இரு திசையில் ஆறு இடம் அளந்ததில் டேப்பர் (மேலுக்கும் கீழுக்கும் உள்ள வித்தியாசம்) 0.05 மி.மீ.க்குள், ஓவல் (இரு திசைக்கும் உள்ள வித்தியாசம்) 0.01-க்குள் என்றால் ஹோனிங் (உட்சுவரைக் கல்லால் மெல்லத் தேய்த்தல்) செய்து அதே சைஸ் பிஸ்டன் போதும். மீறினால்தான் போர். கேடிஎம் எஸ்எக்ஸ், யமஹா வொய்இசட் போன்ற இறக்குமதி வண்டிகளின் சிலிண்டரில் இருப்பது நிக்கல் பூச்சு. அதைச் சாதாரணமாகப் போர் போடவே கூடாது.

ரிங் துண்டோ பிஸ்டன் துண்டோ உடைந்து கீழே விழுந்திருந்தால் எஞ்சினின் அடிக்கூடான கிராங்க் கேஸைப் பிரித்தே ஆக வேண்டும். பெட்ரோல் ஊற்றி அலசினால் போகாது. பிரிக்காத நிலையில் கனெக்டிங் ராடை மேலும் கீழும் இழுத்துப் பாருங்கள், துளி ஆட்டமும் இருக்கக்கூடாது. பக்கவாட்டில் மேல்முனை 2 மி.மீ.க்கு மேல் ஆடினால் ராடு கிட் மாற்றும் நேரம் வந்துவிட்டது.

போர் போட முடிவானால் முதலில் பிஸ்டனை வாங்கி, அதையும் சிலிண்டரையும் சேர்த்தே பட்டறையில் கொடுக்க வேண்டும். 50.25 என்று அச்சடித்த பிஸ்டன் எல்லாம் ஒரே அளவில் இருப்பதில்லை. பிஸ்டனுக்கும் சிலிண்டருக்கும் இடைவெளி 0.04 முதல் 0.05 மி.மீ. போர் போட்டதும் சிலிண்டர் சுவரில் உள்ள துளைகளின் (போர்ட்) விளிம்புகள் கத்தி முனைபோல் நிற்கும். விரலை வைத்தால் தோல் கிழியும், ரிங் மட்டும் தப்புமா? எமரிக் கல்லால் அந்த முனையை மெல்ல உருட்டி, வெந்நீரும் சோப்பும் போட்டு, வெள்ளைத் துணியில் கறுப்பு ஒட்டாமல் போகும் வரை கழுவ வேண்டும். பிஸ்டன் பின்னைப் பிடித்து நிறுத்தும் சர்க்லிப் எப்போதும் புதிதாகவே போட வேண்டும்.

போர் போட்டுத் தரும் பட்டறைகளுக்குத் தங்கள் நாளிதழ் வழியாக ஒரு வேண்டுகோள். வேலை முடிந்த சிலிண்டரின் ஆறு இடத்து அளவையும், பிஸ்டன் அளவையும், இடைவெளியையும் ஒரு சீட்டில் எழுதி வாடிக்கையாளர் கையில் கொடுங்கள். வாடிக்கையாளர்களும் அந்தச் சீட்டைக் கேட்டு வாங்கிவிட்டுப் பணம் கொடுங்கள்.

இப்படிக்கு,
டூ ஸ்ட்ரோக் மெக்கானிக்குகள்,
கோவை