34 அங்குல மானிட்டரும் பில்லில் இருக்க வேண்டிய ஒரு வாசகமும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். 32 அங்குலத்துக்கு மேற்பட்ட மானிட்டர்களுக்கு இருந்த 28 சதவீத ஜிஎஸ்டி, 2025 செப்டம்பர் 22 முதல் 18 சதவீதமாகக் குறைந்துவிட்டது. பழைய வரியோடு 40,000 ரூபாய்க்கு விற்ற 34 அங்குல அல்ட்ராவைடு (அகலத் திரை) மானிட்டர், குறைப்பு முழுதாக வாங்குபவர் கைக்கு வந்தால் 36,875 ரூபாய். இருந்தும் கேம் விளையாடும் பிள்ளைகளும் அவர்களுக்கு வாங்கித் தரும் பெற்றோரும் தயங்குகிறார்கள். பேனல் (படம் காட்டும் திரைத் தகடு) எப்படி வருமோ, மூலையில் வெளிச்சம் கசியுமோ, திரையின் புள்ளி (பிக்சல்) செத்திருந்தால் கடையில் மாற்றித் தருவார்களோ என்ற பயம். இதில் பாதி நியாயமானது. மீதிப் பாதி, பேனலின் சுபாவத்தைப் பழுது என்று நினைப்பதால் வருவது.

பேனல்களில் விஏ, ஐபிஎஸ் (இரண்டும் பின்விளக்கு உள்ள எல்சிடி), ஓஎல்இடி (பிக்சல்கள் தாமே ஒளிர்பவை) என வகைகள் உண்டு. விஏ பேனலில் கறுப்பு நல்ல கறுப்பாக இருக்கும்; கான்ட்ராஸ்ட் (வெள்ளைக்கும் கறுப்புக்கும் உள்ள வெளிச்ச விகிதம்) 3000:1 அளவில் கிடைக்கும். ஆனால் கறுப்பிலிருந்து கருஞ்சாம்பலுக்கு மாற அதன் பிக்சல்கள் நேரம் எடுக்கும். இருட்டான காட்சியில் கேமராவைத் திருப்பினால் நிழல்கள் மை இழுத்ததுபோல் தெரிவது இதனால்தான். கடையில் பார்க்க எளிய வழி உண்டு: கருஞ்சாம்பல் பின்னணியில் கறுப்பு எழுத்துள்ள பக்கத்தை மெதுவாக உருட்டுங்கள், எழுத்துக்குப் பின்னால் வால் தெரியும். அந்த மாடலில் எத்தனை பீஸ் மாற்றினாலும் அந்த வால் போகாது. மெனுவில் ஓவர்டிரைவை (பிக்சல் மாறும் வேகத்தைக் கூட்டும் அமைப்பு) நடுநிலையில் வையுங்கள். உச்சத்துக்கு ஏற்றினால் வால் போய், ஓரத்தில் வெள்ளை நிழல் முளைக்கும். ஃப்ரீசிங்க் (கேம் நொடிக்குத் தரும் படங்களின், அதாவது ஃப்ரேம்களின், எண்ணிக்கைக்கு ஏற்பத் திரையை ஓட்டும் வசதி) போட்டால் லோடிங் திரையில் படபடவென மின்னுவதும் விஏ, ஓஎல்இடி இரண்டிலும் வருவதுதான். ஃப்ரேம் எண்ணிக்கை ஏறி இறங்கும்போது வெளிச்ச அளவும் சற்று மாறுகிறது. ஃப்ரேமுக்கு ஓர் உச்சவரம்பு வைத்து சீராக ஓடவிட்டால் பெருமளவு அடங்கும்.

ஐபிஎஸ் பேனலுக்குக் கான்ட்ராஸ்ட் 1000:1 சுற்றித்தான். இருட்டில் மூலைகளில் தெரியும் வெளுப்பை எல்லோரும் 'ப்ளீடிங்' (வெளிச்சக் கசிவு) என்று சொல்லிவிடுகிறார்கள். அதில் இரண்டு வகை. நாற்காலியை ஒரு மீட்டர் பின்னால் தள்ளி உட்காருங்கள். வெளுப்பு சுருங்கினால் அது ஐபிஎஸ் க்ளோ, கோணத்தால் வருவது, எல்லா ஐபிஎஸ்ஸிலும் இருக்கும். இருந்த இடத்திலேயே மஞ்சள் திட்டாக நின்றால் அது உண்மையான கசிவு. 80 செ.மீ. அகலமுள்ள பேனலைச் சட்டத்துக்குள் அழுத்திப் பொருத்தும்போது, அதிலும் வளைந்த பேனலில், மூலைகளில் இறுக்கம் கூடும். பின்விளக்கின் வெளிச்சம் அந்த வழியாக வெளியேறுகிறது. இது பீஸுக்குப் பீஸ் மாறும். மாற்றிக் கேட்க வேண்டியது இதைத்தான்.

வீட்டுக்கு வந்ததும் செய்ய வேண்டிய சோதனைக்கு ஒரு மணி நேரம் போதும். மானிட்டரை அரை மணி நேரம் ஓடவிட்டுச் சூடாக்குங்கள். இரவில், விளக்கணைத்து, நீங்கள் தினமும் வைக்கும் பிரகாசத்திலேயே கறுப்புப் படத்தைத் திரை முழுக்கப் போடுங்கள். நூறு சதவீதத்துக்கு ஏற்றினால் எந்த எல்சிடி மானிட்டரும் கசியத்தான் செய்யும். பிறகு சிவப்பு, பச்சை, நீலம், வெள்ளை: ஒவ்வொன்றிலும் புள்ளி தேடுங்கள். கறுப்பில் ஒளிரும் புள்ளியும் வெள்ளையில் கறுத்து நிற்கும் புள்ளியும் வேறு வேறு வகை. குறித்துக்கொள்ளும்போது பிரித்து எழுதுங்கள். கடைசியாக ஐம்பது சதவீதச் சாம்பல். அழுக்குத் துணியால் துடைத்ததுபோல் பட்டைகள் இருந்தால், கிரிக்கெட் மைதானமோ வானமோ ஓடும் காட்சியில் அது உறுத்திக்கொண்டே இருக்கும். புகாருக்காகப் போட்டோ எடுக்கும்போது செல்போனின் நைட் மோடை அணைத்து எக்ஸ்போஷரை (ஒளி அளவை) பூட்டுங்கள். இல்லையென்றால் லேசான க்ளோகூடப் படத்தில் தீப்பிடித்ததுபோல் விழும், புகாரும் எடுபடாது.

ஓஎல்இடி வாங்குபவர்களுக்குத் தனியாக ஒன்று. நம் வீடுகளில் இரவு படுக்கும்முன் சுவர் சுவிட்சை அணைத்துவிடும் பழக்கம் உண்டு. மின்சாரச் சிக்கனத்துக்கு நல்லதுதான், இந்தத் திரைக்குக் கெடுதல். சில மணி நேரம் ஓடிய பிறகு, ஸ்டாண்ட்பையில் (திரை அணைந்து மின்சாரம் மட்டும் இருக்கும் நிலையில்) இருக்கும்போதுதான் அது தன் பிக்சல்களை அளந்து சரிசெய்துகொள்கிறது. சுவிட்சை அணைத்தால் அந்த வேலை நடக்கவே நடக்காது. டாஸ்க்பாரின் தழும்பு (பர்ன்-இன்) சீக்கிரம் பதியும். டாஸ்க்பாரை ஆட்டோ ஹைடில் போட்டு, மானிட்டரை அதன் சொந்தப் பொத்தானால் அணைத்து, சுவர் சுவிட்சை விட்டுவிடுங்கள். க்யூடி-ஓஎல்இடி என்ற வகையை ஜன்னலுக்கு எதிரே வைக்காதீர்கள், பகல் வெளிச்சத்தில் அதன் கறுப்பு சாம்பலாகத் தெரியும். வாரண்டியில் பர்ன்-இன் அடங்குமா என்று எழுத்தில் பாருங்கள்.

மற்றவை சுருக்கமாக. 34 அங்குலத்தில் 3440×1440 பிக்சல் உள்ளதை எடுங்கள். அதே அளவில் 2560×1080 என்றால் எழுத்துகள் சொரசொரக்கும். 27 அங்குல 2560×1440 திரையைவிட 34 சதவீதம் அதிகப் பிக்சல்களை கிராபிக்ஸ் கார்டு தள்ள வேண்டும். எச்டிஎம்ஐ 2.0 கேபிளில் போட்டுவிட்டு 144 ஹெர்ட்ஸ் (நொடிக்கு 144 படம்) வரவில்லை என்று பேனலைக் குறை சொல்கிறார்கள். அது 100 ஹெர்ட்ஸோடு நின்றுவிடும், டிஸ்ப்ளே போர்ட் 1.4 அல்லது எச்டிஎம்ஐ 2.1 வேண்டும். பிளேஸ்டேஷன் 5 இந்த அகலத்தில் படம் தராது, இரு பக்கமும் கறுப்புப் பட்டை விழும்.

இப்போது நியாயமான பாதிக்கு வருகிறேன். பிக்சல் குறைக்கான ஐஎஸ்ஓ 13406-2 தரநிலையின் இரண்டாம் வகுப்பு, பத்து லட்சம் பிக்சலுக்கு 2 ஒளிரும் புள்ளி, 2 இருண்ட புள்ளி, 5 துணைப்பிக்சல் (ஒரு பிக்சலுக்குள் இருக்கும் சிவப்பு, பச்சை, நீலப் பகுதி) குறை வரை ஏற்கிறது. அதன் இடத்தில் 2008இல் ஐஎஸ்ஓ 9241-307 வந்தது. அதுவும் பத்து லட்சக் கணக்குதான். 34 அங்குலத் திரையில் ஏறக்குறைய 50 லட்சம் பிக்சல். அப்படியானால் பழைய கணக்கில் பத்து ஒளிரும் புள்ளி இருந்தாலும் திரை 'தேறிவிடும்'. ஒரு புள்ளி ஒளிர்ந்தாலே மாற்றித் தரும் கம்பெனிகளும் இருக்கின்றன. எந்தக் கம்பெனி எந்தக் கணக்கு என்பது வாங்குபவருக்குப் பணம் கட்டிய பிறகுதான் தெரிகிறது. இது சரியில்லை.

2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், குறையுள்ள பொருளைப் பில்லில் குறித்த காலத்துக்குள், காலம் குறிக்காவிட்டால் 30 நாளுக்குள், திரும்பப் பெற்றுப் பணம் தர மறுப்பதை நேர்மையற்ற வணிக நடைமுறை என்கிறது. ஆகவே சென்னை ரிச்சி தெரு எலக்ட்ரானிக்ஸ் கடைகளானாலும் ஆன்லைன் விற்பனையானாலும் எங்கள் கோரிக்கை ஒன்றே: எத்தனை புள்ளி இருந்தால் மாற்றித் தருவோம், எத்தனை நாளுக்குள் என்ற ஒரு வரியைத் தமிழில் பில்லிலேயே அச்சடியுங்கள். நேரில் வாங்குபவருக்குப் பில் போடும்முன் கறுப்பு, சிவப்பு, பச்சை, நீலம், வெள்ளை ஆகிய ஐந்து நிறத்தையும் ஓட்டிக் காட்டுங்கள். பத்து நிமிட வேலை. மறுக்கப்பட்டால் வாங்குபவர்கள் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகார் பதியலாம். கொடுத்த தொகை ஐந்து லட்சம் ரூபாய்க்குள் என்றால் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் வழக்குக் கட்டணமும் கிடையாது.

அந்த 30 நாளும் அட்டைப் பெட்டியையும் உள்ளே இருந்த தெர்மாகோலையும் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். வளைந்த பேனலை அதன் சொந்தத் தெர்மாகோல் இல்லாமல் திருப்பி அனுப்பினால் வழியிலேயே விரிசல் விடலாம். அப்புறம் அது யார் உடைத்தது என்ற வழக்காகிவிடும்.

இப்படிக்கு,
கேமிங் கணினி அசெம்பிள் செய்யும் வாசகர்கள்,
சென்னை