மணிக்கட்டைக் குறை சொல்லும் முன் துப்பாக்கியைச் சோதித்துப் பாருங்கள்

எங்கள் துப்பாக்கி சுடும் கழகத்தின் தலைவர், செயலாளர் மற்றும் செயற்குழு உறுப்பினர்கள் அனைவருக்கும் வணக்கம்.

சென்ற வாரம் ரேஞ்ச் வாசலில் உள்ள பலகையில் நீங்கள் ஒட்டியிருக்கும் அறிவிப்பைப் படித்தேன். அழுத்திய காற்றால் குண்டை உந்தும் கழகத்தின் ஏர் பிஸ்டல்களைப் பெற்றோர் யாரும் தொடக் கூடாது என்றும், கருவிகளைப் பற்றிய புகார்கள் இனி ஏற்கப்படமாட்டா என்றும் இரண்டே வரிகளில் முடித்திருக்கிறீர்கள். முதல் வரியை மனமார ஏற்கிறேன். கண்டவர் கையெல்லாம் படக்கூடிய பொருளல்ல அது. இரண்டாம் வரியை என்னால் ஏற்க முடியவில்லை. நேரில் இரண்டு முறை வந்து பேசியும், எழுத்தில் ஒரு முறை கொடுத்தும் பதில் வராததால், மற்றப் பெற்றோரும் படிக்கும்படி இதை எழுதுகிறேன்.

என் மகள் எட்டு மாதங்களாக மூன்றாம் எண் பிஸ்டலில் பயிற்சி எடுத்து வந்தாள் என்பதும், அவளுடைய குண்டுகள் நடுவில் விழாமல் திரும்பத் திரும்ப ஆறு மணிப் பக்கமாக, அதாவது நேர் கீழே, இறங்கின என்பதும் நீங்கள் அறிந்தவை. டிரிகரை இழுக்கும்போது மணிக்கட்டு தளர்ந்தால் குண்டு கீழே போகும் என்பது இந்த விளையாட்டில் பாலபாடம். அதைத்தான் கோச்சும் சொன்னார். ஆகவே அவள் தினமும் காலையில், பள்ளிக்குக் கிளம்பும் முன், ஒரு லிட்டர் தண்ணீர் பாட்டிலை நீட்டிய கையில் பிடித்துக்கொண்டு, நான் நூறு எண்ணி முடிக்கும் வரை நிற்பாள். நிலைக்கண்ணாடியின் ஓரத்தில் "மணிக்கட்டு" என்று எழுதி ஒட்டிவைத்திருந்தாள். ஐந்தாம் மாதம் கை வீங்கி, பட்டை சுற்றிக்கொண்டு பரீட்சை எழுதினாள். ஒருநாள் இரவு, "எனக்குக் கை சரியில்லைப்பா, நான் இதற்கு ஏற்றவள் இல்லை" என்று சொல்லிவிட்டுப் படுத்தாள். பதினைந்து வயதுப் பிள்ளை அப்படிச் சொன்னதை என்னால் மறக்க முடியவில்லை. சென்ற மாதத் தேர்வுப் போட்டியில் மூன்று புள்ளிகளில் வாய்ப்பை இழந்தாள்.

நான் இருபத்தாறு ஆண்டுகளாக, தொழிற்சாலைக்கான கருவிகளையும் அச்சுகளையும் செய்யும் டூல் ரூமில் வேலை செய்பவன். ஒரு பாகம் அளவில் தவறினால், வேலை செய்தவனைத் திட்டுவதற்கு முன் எந்திரத்தைச் சோதிப்பது எங்கள் தொழிலில் வழக்கம். அந்தப் பழக்கத்தில்தான், கோச்சின் அனுமதியோடு, அவர் முன்னிலையில், பிஸ்டலை அசையாமல் கவ்விப் பிடிக்க, தாடைகளில் கம்பளித் துணி ஒட்டிய ஒரு பிடிகருவியைச் செய்து கொண்டுவந்தேன். பிஸ்டலை அதில் பொருத்தியவரும் பத்துக் குண்டுகளைச் சுட்டவரும் கோச்தான். பத்தும் சேர்ந்து டார்கெட்டில் போட்ட ஓட்டையின் அகலம் 7 மில்லிமீட்டர், உயரம் 17 மில்லிமீட்டர். மணிக்கட்டே இல்லாத ஓர் இரும்புப் பிடியும் குண்டுகளைக் கீழேதான் இறக்கியது.

பிறகு கோச் குழலின் பின்முனையான பிரீச்சைத் திறந்து பார்த்தார். குண்டு வைக்கும் இடத்தில் காற்று கசியாமல் தடுக்கும் ஓ-ரிங், சுண்டு விரல் நகத்தளவுகூட இல்லாத ரப்பர் வளையம், ஒரு பக்கம் தேய்ந்து தட்டையாகியிருந்தது. அதை மாற்றிவிட்டு, அதே டின்னிலிருந்து மீண்டும் பத்துக் குண்டுகள் சுட்டார். ஓட்டை வட்டமாக, 7 மில்லிமீட்டரில் நின்றது. அப்போது அவர் முகத்தைப் பார்க்க எனக்கே கஷ்டமாக இருந்தது. அவரை நான் குறை சொல்லவில்லை. நான்கு பிஸ்டல்களையும் முப்பது பிள்ளைகளையும் ஒரே ஆளிடம் ஒப்படைத்துவிட்டு, சோதிக்க நேரமும் கருவியும் கொடுக்காதது கழகத்தின் பொறுப்பு.

ஒரு ரப்பர் வளையத்துக்கு இவ்வளவு ஆர்ப்பாட்டமா என்று செயற்குழுவில் ஒருவர் கேட்டதாக அறிந்தேன். ஏர் பிஸ்டல் குண்டு வினாடிக்குச் சுமார் 150 மீட்டர் வேகத்தில் கிளம்பி, பத்து மீட்டரைக் கடப்பதற்குள் ஏறக்குறைய 22 மில்லிமீட்டர் தாழ்கிறது. குறிபார்க்கும் பாகமான சைட்டைத் திருத்தி அந்தத் தாழ்வை ஈடுகட்டிவிடலாம், ஆனால் ஒவ்வொரு குண்டும் ஒரே வேகத்தில் கிளம்பினால் மட்டுமே. காற்றுக் கசிவால் வேகம் பத்தில் ஒரு பங்கு குறைந்தால் குண்டு மேலும் 5 மில்லிமீட்டர் கீழே போகும். ஐந்தில் ஒரு பங்கு குறைந்தால் 12 மில்லிமீட்டர். பத்துப் புள்ளி வட்டத்தின் முழு விட்டமே 11.5 மில்லிமீட்டர்தான். ஒரு வட்டத்துக்கும் அடுத்த வட்டத்துக்கும் இடைவெளி 8 மில்லிமீட்டர். அறுபது குண்டுகளில் எத்தனை பத்துகள் ஒன்பதாகவும் எட்டாகவும் மாறியிருக்கும் என்பதை இந்த அளவுகளே சொல்லிவிடும்.

உலக மேடையில் இதன் மதிப்பு நமக்குத் தெரியும். டோக்கியோ ஒலிம்பிக்கில், 2021 ஜூலையில், தகுதிச் சுற்றின் நடுவே பிஸ்டல் பழுதாகி மனு பாக்கர் நிமிடக்கணக்கில் நேரத்தை இழந்தார். 600க்கு 575 எடுத்து, இரண்டு புள்ளிகளில் இறுதிச் சுற்றைத் தவறவிட்டார். அதே வீராங்கனை 2024இல் பாரிஸில் வெண்கலம் வென்றபோது, அவருக்கும் அவரை முந்திய கொரிய வீராங்கனைக்கும் மூன்றாம் இடம் முடிவான கட்டத்தில் இருந்த வித்தியாசம் 0.1 புள்ளி. டார்கெட்டில் அது 0.8 மில்லிமீட்டர். பெரிய பெயர்களை உங்கள் ஆண்டு விழா மேடையில் மறக்காமல் சொல்கிறீர்கள். அவர்கள் கையில் இருக்கும் கருவி எப்படிப் பராமரிக்கப்படுகிறது என்பதையும் அன்புகூர்ந்து பாருங்கள்.

நான் கேட்பது ஒன்றுதான். கழகத்தின் ஒவ்வொரு பிஸ்டலையும் மூன்று மாதத்துக்கு ஒரு முறை பிடிகருவியில் பொருத்திச் சுட்டுப் பார்த்து, அந்த டார்கெட் தாளைத் தேதியோடு பிஸ்டல் பெட்டிக்குள் வையுங்கள். புது பிஸ்டலைப் பெட்டியில் போட்டு அனுப்பும்போது தயாரிப்பாளரே அப்படி ஒரு சோதனைத் தாளை வைத்துத்தான் அனுப்புகிறார். நம்முடைய நான்கு பெட்டிகளிலும் அந்தத் தாள்கள் இன்னும் மஞ்சளேறிப்போய்க் கிடக்கின்றன. அதற்குப் பிறகு ஒரு தாள்கூடச் சேரவில்லை.

குண்டுக்கும் இதே சோதனை வேண்டும். பெல்லட் எனப்படும் இந்தக் குண்டின் தலை அளவு 4.49, 4.50, 4.51 மில்லிமீட்டர் எனப் பல வகையில் வருகிறது. எந்தக் குழலுக்கு எது பொருந்தும் என்பதைச் சுட்டுப் பார்த்துத்தான் சொல்ல முடியும். ஈலி, லாப்புவா போன்ற தோட்டா நிறுவனங்கள், வீரர்களின் துப்பாக்கியைப் பிடியில் பூட்டித் தொகுதி தொகுதியாகச் சுட்டுத் தேர்ந்துகொள்ள ரேஞ்சுகளையே நடத்துகின்றன. நாமோ மூன்று டின்களில் மிஞ்சியதை ஒரே டப்பாவில் கொட்டிப் பிள்ளைகளுக்குப் பங்கிடுகிறோம். அன்று வேறொரு டின்னில் மட்டும் எடுத்துச் சுட்டபோது, அதே பிஸ்டல் 9 மில்லிமீட்டர் ஓட்டை போட்டது.

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். பிஸ்டலில் பொருத்தும் இரண்டு காற்றுச் சிலிண்டர்களின் மேல் பொறித்திருக்கும் தயாரிப்புத் தேதி பத்து ஆண்டுகளைத் தாண்டிவிட்டது. பத்து ஆண்டுகளுக்குப் பின் பயன்படுத்தக் கூடாது என்று அவற்றைத் தயாரித்தவரே சொல்கிறார். 200 பார், அதாவது வெளிக்காற்றைப் போல் சுமார் 200 மடங்கு, அழுத்தம் அடைத்த பொருளைப் பிள்ளைகள் முகத்தருகே பிடிக்கிறார்கள். விழா மேடைக்கும் கேடயங்களுக்கும் பணம் ஒதுக்கும் கழகத்தால் இரண்டு சிலிண்டர்கள் வாங்க முடியாது என்பதை நான் நம்பத் தயாராக இல்லை. சொந்தமாக ஒன்றரை, இரண்டு லட்சம் ரூபாய் கொடுத்து பிஸ்டல் வாங்கக்கூடிய வீட்டுப் பிள்ளைகளுக்கு இந்தத் தொல்லை எதுவும் இல்லை. கழகத்தின் பிஸ்டலை நம்பி, பஸ் ஏறி வரும் பிள்ளைகள்தான் தங்கள் கையையும் மனத்தையும் சந்தேகிக்கிறார்கள். அந்தப் பிள்ளைகளுக்காகத்தானே கழகமே தொடங்கப்பட்டது?

கோபத்தில் ஏதாவது கூடுதலாகச் சொல்லியிருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். என் மகளுக்கு மறுதேர்வு வேண்டும் என்று நான் கேட்கவில்லை. அவள் அடுத்த போட்டியில் சுட்டுக்கொள்வாள். சோதனைத் தாளைத்தான் கேட்கிறேன். நான் செய்த பிடிகருவியைக் கழகத்துக்கே கொடுத்துவிடுகிறேன். உங்கள் அறிவிப்பின்படி நான் எந்தத் துப்பாக்கியையும் தொட வேண்டியதில்லை. கோச் ஒருவரே அரை மணி நேரத்தில் ஒரு பிஸ்டலைச் சோதித்துவிடலாம்.

மூன்றாம் எண் சரியாகிவிட்டது. ஒன்று, இரண்டு, நான்கு ஆகிய எண்களை இதுவரை யாரும் சோதிக்கவில்லை. இன்று மாலையும் பிள்ளைகள் அவற்றில்தான் சுடப்போகிறார்கள். அடுத்த தேர்வுப் போட்டிக்கு முன் அந்த மூன்றையும் சோதிக்க உத்தரவிடும்படி பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
கழகத்தின் இளையோர் பிரிவில் பயிலும் ஒரு மாணவியின் தந்தை