எரேமியாவுக்கு விழுந்த தடை

அன்புள்ள நண்பா,

உன் கடிதம் போன வாரம் வந்தது. கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்ததில் இங்கே எல்லோருக்கும் நிம்மதி. சொட்டு மருந்தை நேரத்துக்கு விடு, தங்கச்சி சொல்வதைக் கேள். சின்னவளுக்குக் கோயம்புத்தூரில் வேலை கிடைத்துவிட்டது. வீடு வெறிச்சென்று கிடக்கிறது.

சரி, நீ கேட்டதற்கு வருகிறேன். "தீர்க்கதரிசிகள் எல்லாம் திட்டுகிற ஆட்கள்தானே, அதிலும் எரேமியா?" என்று எழுதியிருந்தாய். பாபிலோன் கையில் எருசலேம் அழியும் என்று யூதா நாட்டு ஜனங்களிடம் சொல்லிக்கொண்டே இருந்த தீர்க்கதரிசி அவர்; திட்டினார், இல்லையென்று சொல்லவில்லை. ஆனால் தீர்க்கதரிசிகளுக்கு இரண்டு பக்கமும் வேலை உண்டு. ஜனங்களிடம் வந்தால் கடவுளுடைய வழக்கு, கடவுளிடம் போனால் ஜனங்களுடைய வழக்கு. ஜனங்கள் பொன் கன்றுக்குட்டியைச் செய்து கும்பிட்ட விவகாரத்தில் மோசே, இவர்களை மன்னிக்க முடியாதென்றால் உம்முடைய புத்தகத்திலிருந்து என் பேரையும் எடுத்துவிடும் என்று கடவுளிடமே மல்லுக்கு நின்றார். ஆமோஸ், தரிசனத்தில் தண்டனையாகக் கண்ட வெட்டுக்கிளியையும் நெருப்பையும், யாக்கோபு (அதாவது இஸ்ரவேல் ஜனம்) சிறியவன், தாங்கமாட்டான் என்று கெஞ்சித் தடுத்தார். மூன்றாவதாக, ஜனத்தின் கோணலை அளக்கும் தூக்குநூலை (கொத்தனாரின் குண்டுநூல்) பார்த்தபோது அவரும் வாய் திறக்கவில்லை.

எரேமியா கதை வேறு. இந்த ஜனத்துக்காக ஜெபிக்காதே என்று அவருக்கு உத்தரவு. அவர் புத்தகத்தில் 7, 11, 14 ஆகிய அதிகாரங்களில் மூன்று தடவை வருகிறது. செய்யாத காரியத்தை ஒருவனிடம் மூன்று தடவை 'செய்யாதே' என்று யாராவது சொல்வார்களா? மனிதர் விடாமல் நச்சரித்திருக்கிறார் என்றுதான் நான் எடுத்துக்கொள்கிறேன்.

அந்த 14-ஆம் அதிகாரத்தை மட்டும் நிதானமாகப் படி. நாட்டில் மழை இல்லை. பெரிய வீட்டுக்காரர்கள் தண்ணீருக்கு அனுப்பிய ஆட்கள் வெறுங்குடத்தோடு திரும்புகிறார்கள். புல் இல்லாமல் பெண்மான் ஈன்ற குட்டியை விட்டுவிட்டுப் போகிறது. எரேமியா கடவுளைப் பார்த்து, ஒரு ராத்திரி தங்கிப்போகும் வழிப்போக்கனைப் போல ஏன் இருக்கிறீர் என்று கேட்கிறார். எவ்வளவு உரிமை பார்! ஜெபிக்காதே என்று உடனே பதில் வருகிறது. சரி என்று விட்டாரா? இல்லை. ஒன்றும் ஆகாது, சமாதானம்தான் என்று மற்ற தீர்க்கதரிசிகள் இவர்களிடம் சொல்கிறார்களே என்று ஜனங்களுக்காக ஒரு சாக்கு கண்டுபிடிக்கிறார். அதுவும் எடுபடவில்லை. அப்புறமும் அதே அதிகாரத்தின் கடைசியில், யூதாவை முழுசாக வெறுத்துவிட்டீரா என்று மறுபடி ஆரம்பித்துவிடுகிறார். மோசேயும் சாமுவேலும் வந்து நின்றாலும் மனம் இரங்காது என்று அடுத்த அதிகாரம் கதவைச் சாத்துகிறது.

இவர் ஒரேயடியாகச் சாது என்று நினைத்துவிடாதே. 18-ஆம் அதிகாரத்தில், இவர்களுக்காக உமக்கு முன்னால் நின்று நல்லது பேசினேனே, எனக்கே குழி வெட்டுகிறார்கள் என்று வெடித்து, அவர்கள் பிள்ளைகள் பஞ்சத்தில் சாகட்டும் என்கிறார். சொந்த ஊரான ஆனதோத்தின் ஆட்களே கொல்லப் பார்த்தார்கள் என்றால் வேறு எப்படிப் பேசுவார்! எனக்கு அந்தச் சாபம் படிக்கக் கஷ்டமாகத்தான் இருக்கிறது. ஆனால் அதை மறைத்துவிட்டு அவரைப் பற்றிப் பேச முடியாது.

இரண்டே வருஷத்தில் பாபிலோனின் நுகம் முறியும், சிறைப்பட்டவர்கள் எல்லாம் திரும்பி வருவார்கள் என்று அனனியா என்ற இன்னொரு தீர்க்கதரிசி ஆலயத்தில் சொன்னபோது, எரேமியா "ஆமென், அப்படியே ஆகட்டும்" என்றார். சிலர் அதைக் கிண்டல் என்கிறார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. தான் சொன்னது பொய்யாகிப் போகட்டும் என்று ஆசைப்பட்ட மனிதர் அவர். நினிவே பட்டணம் அழியும் என்று அறிவித்த யோனா தீர்க்கதரிசியோ, சொன்ன அழிவு நடக்கவில்லை என்று கோபித்துக்கொண்டு உட்கார்ந்தார்.

கி.மு. 597-இல் பாபிலோனுக்குக் கொண்டுபோகப்பட்டவர்களுக்கு எரேமியா ஒரு கடிதம் அனுப்புகிறார்: வீடு கட்டுங்கள், தோட்டம் போடுங்கள், நீங்கள் இருக்கும் பட்டணத்துக்காக ஜெபம் பண்ணுங்கள் என்று. சொந்த எருசலேமுக்காக ஜெபிக்க அவருக்குத் தடை. சிறைபிடித்தவன் ஊருக்காக ஜெபிக்கும்படி மற்றவர்களுக்கு அவரே எழுதுகிறார்! அதை எழுதும்போது அவர் மனம் என்ன பாடுபட்டிருக்கும்?

எருசலேம் எரிந்த பிறகு, மிச்சமிருந்தவர்கள் அவரிடமே வந்து எங்களுக்காக விண்ணப்பம் பண்ணும் என்று கேட்டார்கள். எது வந்தாலும் கேட்கிறோம் என்று வாக்கும் கொடுத்தார்கள். அவரும் சரியென்றார். பத்து நாள் கழித்து, எகிப்துக்குப் போகாதீர்கள், இங்கேயே இருங்கள் என்று பதில் வந்தது. பொய் சொல்கிறாய், உனக்கு எழுதித் தரும் பாருக் உன்னைத் தூண்டிவிடுகிறான் என்று சொல்லிவிட்டு, அவரையும் இழுத்துக்கொண்டு எகிப்துக்கே போய்விட்டார்கள்.

உன்னிடம் ஒரு உதவி. எங்கள் புரொட்டஸ்டன்ட் பைபிளில் மக்கபேயர் நூல் இல்லை, உங்கள் கத்தோலிக்க விவிலியத்தில் உண்டு. இரண்டாம் மக்கபேயர் 15-இல் எரேமியாவுக்குப் பல நூற்றாண்டு கழித்து வந்த யூதப் படைத்தலைவர் யூதா மக்கபே ஒரு கனவைச் சொல்கிறார். அதில் முன்பு தலைமைக் குருவாக இருந்த ஓனியா நரைத்த ஒரு மனிதரைக் காட்டி, மக்களுக்காகவும் திருநகருக்காகவும் மிகுதியாக மன்றாடுபவர் இவர், எரேமியா என்கிறார். அவர் யூதாவுக்குப் பொன் வாள் ஒன்றும் கொடுக்கிறார். கண் சரியானதும் அந்தப் பகுதியை எடுத்து எழுதி அனுப்பு. வாளைக் கொடுத்தது ஏன் எரேமியா என்று எனக்குப் பிடிபடவில்லை. உங்கள் பங்குத்தந்தையிடம் கேட்டுப் பார்.

பொங்கலுக்குச் சின்னவள் வருகிறாள், அப்போது நீங்களும் வந்தால் நன்றாக இருக்கும்.

அன்புடன்,
உன் பழைய நண்பன்